‘எல்லாம் திறந்தாச்சுதானே?’: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம், கண்டி வீதியில் இருந்து மூன்று கிலோமீற்றர் உள்ளே எங்கள் ஊர் வாசிகசாலை இருக்கிறது. அதன் செயலாளர் என்ற பேரில் நான் செய்யும் பெரிய வேலை, பேப்பர் வாங்கி வைப்பதும் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதும்தான். ஒக்டோபர் 1 ஆம் திகதி கொரோனா ஊரடங்கு எடுபட்டதில் இருந்து கேள்விகள் கூடிவிட்டன. பஸ் ஏறும் முன் கேட்கிறார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பும் முன் கேட்கிறார்கள், இரவு பத்து மணிக்குப் போன் எடுத்தும் கேட்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைக்கிறேன். இது 2021 நவம்பர் இரண்டாம் கிழமை நிலவரம். நான் டொக்டரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. பேப்பரை மரண அறிவித்தல் வரைக்கும் வாசிக்கிற ஆள், அவ்வளவுதான்.

ஊரடங்கு எடுத்தாச்சு. அப்ப கொரோனா போயிட்டுதோ?

இல்லை. ஓகஸ்ட் 20 இரவு 10 மணிக்குப் போட்ட தனிமைப்படுத்தல் ஊரடங்கை ஒக்டோபர் 1 விடியப்புறம் 4 மணிக்கு எடுத்தார்கள். போனது அதுதான். டெல்டா என்கிற அந்தத் திரிபு அறிவித்தலைக் கேட்டுவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை.

இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிற பழக்கம் எங்களுக்குப் போன வருடம் வந்தது. 2020 மார்ச் 20 பின்னேரம் நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது எங்கள் ஊரில் ஒரு நோயாளி இல்லை. ஆனாலும் மே 11 வரைக்கும் படலையை விட்டு வெளியே போகப் பயந்தோம். பிறகு அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து இன்றைக்கு நீ கடைக்குப் போகலாம், நாளைக்கு அவர் போகலாம் என்றார்கள். ஒரு வீட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே இலக்கம் வந்து, இரண்டு பேரும் ஒரே நாளில் வெளிக்கிட்டு மற்ற நாள் முழுக்க வீட்டில் இருந்தார்கள். இந்த வருடம் ஓகஸ்ட்டில் அடுத்தடுத்த ஒழுங்கையில் ஆட்கள் மூச்சுக்கு அந்தரப்பட்டபோது, ஊரடங்கு என்று பேர் இருந்தும் வீதியில் பாதிச் சனம் நின்றது. ஆகவே உத்தரவு எவ்வளவு இறுக்கம் என்பதை வைத்து நோய் எவ்வளவு என்று கணக்குப் போடாதீர்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வவுனியாவுக்கு அங்கால போகலாமோ? பாஸ் எடுக்க வேணுமோ?

போகலாம். பாஸ் வேண்டாம். மாகாணம் விட்டு மாகாணம் போவதற்கு இருந்த தடை ஒக்டோபரோடு முடிந்தது. நவம்பர் 1 இல் இருந்து கொழும்பு பஸ்களும் ஓடுகின்றன. ஈரப்பெரியகுளத்தில் மறித்தால் அடையாள அட்டையைக் காட்டுங்கள், போதும்.

பாஸ் என்ற சொல்லை இந்தப் பக்கத்தில் யாரும் சும்மா கேட்பதில்லை. யுத்த காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பாஸோடு வெயிலில் வரிசையாக நின்ற சனம் இது. அனுராதபுரம் ஆஸ்பத்திரியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக வேண்டிய ஒரு அம்மா, மூன்று நாள் விதானையார் (கிராம அலுவலர்) வீட்டுக்கு அலைந்தார். கடிதம் ஒன்றும் தேவையில்லை என்று விதானையார் சொன்னதை அவர் நம்பவே இல்லை. கடைசியில் விதானையார் ஒரு வெள்ளைத்தாளில் ‘இவர் எனது பிரிவில் வசிப்பவர்’ என்று எழுதி, சீல் குத்திக் கொடுத்தார். அம்மா அதைப் பொலித்தீன் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு போய் வந்தார். வழியில் ஒருவரும் கேட்கவில்லை. இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

வீதி உண்மையாகவே திறந்துவிட்டதா என்று பார்க்க விரும்பினால் முறிகண்டியில் போய் நில்லுங்கள். யாழ்ப்பாணம் போகிற வாகனமும் கொழும்பு போகிற வாகனமும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, பிறகு கச்சான் வாங்கிக்கொண்டு போகும் இடம். மே மாதத்தில் இருந்து விட்டுவிட்டு வந்த தடையில் அந்தக் கச்சான் கடைகள் பாதி படுத்துவிட்டன. போன கிழமை நான் போனபோது ஒரு அக்கா கச்சானை மணலில் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார். பஸ் நின்றதும் எழும்பவில்லை, இருந்த இடத்தில் இருந்தே பார்த்தார். “சனம் இறங்குது தம்பி, ஆனால் கையை வெளியில எடுக்குதில்லை” என்றார். முன்பு ஒரு பஸ்ஸுக்குப் பத்துப் பை போகுமாம், இப்போது மூன்று. இறங்கின சனம் கச்சானை மணந்து பார்த்துவிட்டு ஏறிவிடுகிறது.

ஊசி அட்டையைக் கையோடு கொண்டு திரிய வேணுமோ?

பஸ்ஸுக்கும் சந்தைக்கும் இப்போதைக்கு யாரும் கேட்பதில்லை. தூரப் பயணம் என்றால் கொண்டு போங்கள், அல்லது போனில் படம் எடுத்து வைத்திருங்கள். மழையில் நனைந்து எழுத்து அழிந்திருந்தால் ஊசி போட்ட இடத்துச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போங்கள். பதிவுப் புத்தகத்தில் உங்கள் பேர் இருக்கும்.

ஒரு விஷயம்: அட்டையை லமினேற் செய்யாதீர்கள். எங்கள் ஊரில் கெட்டிக்காரர் பத்துப் பேர் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். மூன்றாவது ஊசி போட்டால் எங்கே எழுதுவது? சுகாதாரப் பணியாளர்களுக்கும் மற்ற முன்களப் பணியாளர்களுக்கும் அது நவம்பர் 1 இல் தொடங்கிவிட்டது. மற்றவர்களின் முறையும் வரும்.

ரெண்டு ஊசியும் போட்டாச்சு, பிறகென்னத்துக்கு முகக்கவசம்?

ஊசி போட்டவருக்கும் தொற்று வரலாம், அவரிடம் இருந்து மற்றவருக்குப் போகவும் செய்யலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் போகிற வாய்ப்பு நன்றாகக் குறைந்துவிடும். உங்கள் வீட்டில் சலரோகக்கார அப்பு ஒருவர் இருப்பாரே, முகக்கவசம் அவருக்காக. தாடையில் தொங்க விட்டுக்கொண்டு பொலிஸைக் கண்டால் மேலே இழுப்பது பொலிஸுக்காக.

காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாமோ? போனால் பிடிச்சு முகாமில போடுவாங்களாம்.

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள்.

பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்குகிறது. போன வருடம் பம்பைமடுவிலும் கேப்பாப்புலவிலும் படை முகாம்களில்தான் தனிமைப்படுத்தல் நிலையங்கள் இருந்தன. கொரோனாச் செயலணிக்கே தலைவர் இராணுவத் தளபதி. 2009 இல் முகாமில் இருந்துவிட்டு வந்த சனத்திடம் போய், பஸ்ஸில் ஏறுங்கள், முகாமில் பதினான்கு நாள் வைத்துப் பார்ப்போம் என்றால் அந்தச் சொல் எப்படிக் காதில் விழும்? இப்போது நடைமுறை அப்படி இல்லை. கடும் வருத்தம் இல்லாதவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறார்கள். 1390 க்கு எடுத்தால் டொக்டர் கதைப்பார். மூச்சு எடுக்கக் கஷ்டம், நெஞ்சு நோ, உதடு நீலம் பாய்தல் என்றால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 1990 க்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இது மழைக்காலம், வயல்காலம். இப்போது வருகிற காய்ச்சல் எல்லாம் கொரோனா இல்லை. டெங்கு இருக்கிறது, எலிக்காய்ச்சல் இருக்கிறது. கொரோனா என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பனடோலை விழுங்கிக்கொண்டு வீட்டில் கிடந்தால், இந்த இரண்டும்தான் ஆளைக் கொண்டு போகும்.

வயலில் சேற்றுக்குள் நின்றவருக்குக் கடும் காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை தொட முடியாமல் நோகுமானால், கண் சிவந்திருக்குமானால், சிறுநீர் குறைந்தோ நிறம் மாறியோ போகுமானால், எலிக்காய்ச்சலைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். காலில் இருக்கும் சின்ன வெடிப்புப் போதும் அது உள்ளே போக. விதைப்பு நேரத்தில் கிழமைக்கு ஒருமுறை குடிக்கும் டொக்சிசைக்கிளின் குளிசையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் இலவசமாகவே எடுக்கலாம். கேட்டு எடுங்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் அதைக் குடிக்கக் கூடாது என்பதால் ஒருவருக்குத் தந்ததை வீட்டில் பகிராதீர்கள்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனம். மூன்றாம் நாளைக்குப் பிறகு காய்ச்சல் விட்டது, பிள்ளை சோர்ந்து படுத்திருக்கு, வயிறு நோகுது என்றால் சுகமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பனடோல் தவிர வேறு நோ மருந்து வேண்டாம். கிளிநொச்சியோ மாஞ்சோலையோ, கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாசலில் அன்ரிஜன் பரிசோதனை செய்வார்கள். அரை மணித்தியாலத்தில் முடிவு வந்துவிடும். அது ஒரு பெரிய காரியமே இல்லை.

பள்ளிக்கூடம் தொடங்கிட்டுதோ இல்லையோ? ஒண்டும் விளங்கேல்லை.

எனக்கும் விளங்க நாள் எடுத்தது. 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவை ஒக்டோபர் 21 இல் திறப்பதாக அறிவித்தார்கள். வன்னியில் உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களில் கனக்க அந்தக் கணக்குக்குள்தான் வரும், எங்களுடையதும் வந்தது. பிள்ளைகள் எண்ணெய் வைத்துத் தலை இழுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் சம்பள முரண்பாட்டுக்காக ஜூலை 12 இல் ஆசிரியர்கள் தொடங்கிய பணிப்பகிஷ்கரிப்பு அப்போது முடியவில்லை. அதிபர் படலையைத் திறந்து வைத்துவிட்டு நின்றார். ஒக்டோபர் 25 இல்தான் ஆசிரியர்கள் திரும்பினார்கள். 10 முதல் 13 வரையான வகுப்புகள் நவம்பர் 8 இல் தொடங்கிவிட்டன. 6 முதல் 9 வரை இன்னும் வீட்டில். புலமைப் பரிசில் பரீட்சை ஜனவரி 22, உயர்தரம் பெப்ரவரி 7 என்று திகதி வந்திருக்கிறது. 15 இலிருந்து 19 வயதுப் பிள்ளைகளுக்குப் பைசர் ஊசி போடுகிறார்கள், தவற விடாதீர்கள்.

திகதி கிடக்கட்டும். இந்த வருடம் பெப்ரவரியில் முதலாம் வகுப்புக்குச் சேர்ந்த பிள்ளை, ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டும் வரை எத்தனை நாள் படித்திருக்கும்? சூம் வகுப்பு என்றார்கள். எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது குளக்கட்டில்தான். நாலைந்து பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றி மருதமரத்துக்குக் கீழ் இருந்து படித்தார்கள். டேட்டா முடிந்ததும் மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். போன் வேலைக்குப் போகும் தகப்பனிடம் இருக்கிற வீடுகளில் அதுவும் இல்லை.

போன சனிக்கிழமை ஒரு சின்னவள் வாசிகசாலைக்கு வந்து, கதைப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படங்களை மட்டும் பார்த்தாள். எழுத்தைத் தொட்டு “இது என்ன?” என்றேன். “அ” என்றாள், அடுத்த எழுத்தையும் “அ” என்றாள். மூன்றாம் வகுப்பு. ரீச்சர்மாரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: விட்ட பாடத்தை ஓடிப்பிடிக்க வேண்டாம், எழுத்தில் இருந்து தொடங்குங்கள். தாய்மாரிடம் கேட்பது, பிள்ளையை அடிக்காதீர்கள், அது அவளுடைய பிழை இல்லை. தோட்ட வேலைக்கும் கடைக்கும் போகப் பழகிவிட்ட ஒன்பதாம் வகுப்புப் பெடியன்கள் பற்றித்தான் எனக்குக் கவலை கூட. அவன் கையில் நாள்கூலி பார்த்துவிட்டான். யாராவது வீட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டும்.

கல்யாண வீட்டுக்கு எத்தனை பேரைச் சொல்லலாம்?

இரண்டு கிழமைக்கு ஒருக்கால் சுற்றறிக்கை மாறுகிறது. நான் இன்று எழுதும் இலக்கம் நீங்கள் வாசிக்கும்போது பிழையாக இருக்கும். உங்கள் பகுதிப் பரிசோதகருக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டுவிட்டு அழைப்பு அடியுங்கள். மண்டபத்துக்குக் காசு கட்டும் முன் கேளுங்கள், கட்டின பிறகு இல்லை. வைகாசியில் கட்டிய காசு திரும்பி வராமல் இன்னும் அலைகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

ஊரடங்குக்குள்ள செத்தவருக்கு ஒண்டும் ஒழுங்காச் செய்யேல்லை. இப்ப செய்யலாமோ?

செய்யலாம். எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் எதையும் பிந்திச் செய்வதில் குற்றமில்லை என்று எங்கள் ஐயர் சொல்கிறார். சட்டப்படியும் தடை இல்லை, ஆட்தொகையைப் பார்த்துக்கொண்டால் சரி. பெட்டியைத் திறக்க விடாமல், முகம் பார்க்காமல், சுடலைக்கு வெளியே நின்று புகையை மட்டும் பார்த்த பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் முடிந்தது முடிந்துபோச்சு என்று சொல்லாதீர்கள். எங்களில் பலருக்கு இது முதல் முறையும் இல்லை.

முஸ்லிம் குடும்பங்களுக்கு இது இன்னும் முடியவில்லை. 2020 ஏப்ரல் 11 வர்த்தமானியால் கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரிக்க வேண்டும் என்றாக்கினார்கள். அடக்கம் செய்யலாம் என்று மாற்ற 2021 பெப்ரவரி 25 வரை சென்றது. மாற்றினவுடன் எங்கே அடக்குவது என்றால், இரணைதீவில் என்றார்கள்! பூநகரிக் கடலுக்குள் இருக்கும் அந்தத் தீவின் சனம் 1992 இல் இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டு முழங்காவில் பக்கம் இருந்து, 2018 ஏப்ரலில் தாங்களாகவே படகேறிப் போய் இறங்கியவர்கள். தீவுக்காரர் மார்ச் தொடக்கத்தில் எதிர்த்து நின்றார்கள். எங்கள் மையித்தைக் கடல் கடந்து கொண்டு போய், உறவு போய்வர முடியாத இடத்தில் வைப்பதா என்று முஸ்லிம்களும் எதிர்த்தார்கள். இரண்டு பக்கத்தையும் மோத விடலாம் என்று யாராவது நினைத்திருந்தால் அது நடக்கவில்லை. மார்ச் 5 இல் இருந்து ஓட்டமாவடியில் அடக்கம் நடக்கிறது. வவுனியாவில், மன்னாரில் இறந்தாலும் இன்றுவரை அங்கேதான் கொண்டு போகிறார்கள். சொந்த ஊர்ப் பள்ளிவாசல் மையவாடி பக்கத்தில் இருக்க, தகப்பனின் கபுறைப் பார்க்க மட்டக்களப்பு மாவட்டத்துக்குப் போகிற மகனிடம் போய் எல்லாம் திறந்தாச்சு என்று சொல்லிப் பாருங்கள்.

கோயில் பொங்கல்?

கோயில்கள் திறந்திருக்கின்றன. அன்னதானம், காவடி எல்லாம் பரிபாலன சபை சுகாதாரப் பகுதியோடு கதைத்துத்தான். இரண்டு வருடமாக வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கு ஊர் திரளவில்லை, கடல்நீரில் விளக்கெரிவதை வீட்டில் இருந்து நினைத்துக் கும்பிட்டோம். அம்மன் கோபிக்கவில்லை. அடுத்த வைகாசிக்குப் பார்ப்போம்.

சந்தையில முந்நூறு பேர் நிக்கலாம், விளக்குக் கொளுத்த இருபது பேர் நிக்கக் கூடாதோ?

இதை வாசிகசாலையில் கதைத்து இரண்டு பேர் அடிபடப் பார்த்தார்கள். ஆகவே நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

இந்த வருடம் மே மாதத்தில் புதுக்குடியிருப்பில் ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி வந்தது உண்மை. எங்கள் பெட்டைகளே அங்கே வேலை செய்தார்கள், அவர்களுக்கே வந்தது. மே 17 இரவு முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளைப் பொலிஸ் பிரிவுகளைத் தனிமைப்படுத்தினார்கள் என்பதும் உண்மை. மறுநாள் மே 18, போரில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் நாள். முள்ளிவாய்க்காலுக்குப் போக இருந்தவர்கள் வீட்டிலேயே நின்றார்கள். நோய்க்காகத்தான் பூட்டினார்கள் என்று ஒருவர், நாளைப் பார்த்துப் பூட்டினார்கள் என்று மற்றவர். நோய் இருந்தது. அது இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தொழிற்சாலைக்கு வராத அவசரம் விளக்குக்கு வந்ததைக் கண்டும் காணாமல் இருக்கவும் முடியாது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. ஜூலை தொடக்கத்தில் ஆர்ப்பாட்டங்களுக்குச் சுகாதாரப் பணிப்பாளர் நாயகத்தின் கடிதம் ஒன்றைக் காட்டித் தடை போட்டார்கள். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் நின்ற இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினையும் மற்றவர்களையும் நீதிமன்றம் பிணையில் விட்ட பிறகும், தனிமைப்படுத்தல் என்று சொல்லிக் கொழும்பில் இருந்து எங்கே கொண்டு வந்தார்கள்? கேப்பாப்புலவுக்கு. தங்கள் காணியை விடு என்று அந்த ஊர்ச் சனம் 2017 இல் படைமுகாம் வாசலில் மாதக்கணக்காக இருந்தபோது தெற்கில் கனபேருக்குத் தெரியாத பேர், இந்த ஜூலையில் சிங்களப் பேப்பர்களிலும் வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம் 1897 இல் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். தண்டத்தை விதிப்பது நீதிமன்றம், வீதியில் நிற்கிற ஆள் கையில் வாங்க முடியாது. மாவீரர் நாளான நவம்பர் 27 கிட்டுகிறது. போன வருடம் இந்தச் சட்டத்தையும் காட்டித்தான் பொலிஸார் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். உங்கள் பேருக்குக் கட்டளை வந்தால் வாங்கிக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள், கிழித்துப் போடாதீர்கள். உங்கள் வீட்டு முற்றத்தில் நீங்கள் விளக்கேற்றுவதைத் தொற்றுநோய்ச் சட்டம் எந்த இடத்திலும் தடுக்கவில்லை.

முல்லைத்தீவில் இருந்து பருத்தித்துறைக்கு ஒக்டோபர் 17 இல் இழுவைப்படகுக்கு எதிராகப் படகுப் போராட்டம் போனது. கடலில் ஆளுக்காள் ஆறடி தள்ளித்தான் நின்றார்கள் என்று ஒரு சம்மாட்டியார் சொல்லிச் சிரித்தார்.

கடன் அறவிடுகிற பெடியன் திரும்ப வாறான். கட்டித்தான் ஆக வேணுமோ?

பஸ்ஸுக்கு முதல் அவருடைய மோட்டார் சைக்கிள்தான் ஊருக்குள் வந்தது. ஊரடங்கு நாட்களின் வட்டியையும் சேர்த்து ஒரே தடவையில் கேட்கிறார்கள். வாங்கிய கடன் கடன்தான், அது இல்லாமல் போகாது. ஆனால் தவணையை மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், கடிதத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்துக்கும் கொடுங்கள். ரசீது இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஒரு கடனை அடைக்க மற்றக் கிழமைக் கடனை எடுக்காதீர்கள். குழுவாகக் கடன் எடுத்தவர்களில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவளுடைய முற்றத்தில் போய் இருந்து கத்துவது வேண்டாம், பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓகஸ்ட்டில் அரசாங்கம் தந்த 2,000 ரூபா ஒரு தவணைக்கும் காணாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

காஸ், பால்மா, உரம் எல்லாம் ஏறினதும் கொரோனாவாலயோ?

கொஞ்சம் ஓம், கொஞ்சம் இல்லை. உல்லாசப் பயணிகள் வராமல், வெளிநாட்டுக் காசு குறைந்து, டொலர் இல்லாமல் போனதற்குக் கொரோனாவும் ஒரு காரணம். ஒக்டோபரில் 12.5 கிலோ காஸ் 1,493 ரூபாவில் இருந்து 2,675 க்கும், 400 கிராம் பால்மா 380 இல் இருந்து 480 க்கும் போனது. எங்கள் பக்கம் காஸ் இருந்த சில வீடுகளும் திரும்ப அடுப்புக்கு வந்துவிட்டன. சிலிண்டர் மூலையில் துணி போர்த்தபடி நிற்கிறது. பால்ரீ பிளேன்ரீயாகிவிட்டது.

உரம் அப்படி இல்லை. அது மே 6 வர்த்தமானியில் எடுத்த முடிவு. இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியது கிருமி இல்லை. பெரும்போகம் விதைத்து, பயிர் மட்டம் வெடிக்கும் நேரம் யூரியா இல்லாமல் வயல் மஞ்சளாக நிற்கிறது. சேதனப் பசளை நல்லது என்று எனக்கும் தெரியும், என் வீட்டு வாழைக்கு அதுதான். ஆனால் பத்து ஏக்கருக்கு அதை எங்கே இருந்து, எந்த உழவு மெசினில் ஏற்றி வருவது? வரம்பில் நின்று பயிரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடம் எப்படி என்றேன். “அதுக்கும் தனிமைப்படுத்தல்தான் தம்பி” என்றார்.

அண்ணா லண்டனில இருந்து மார்கழிக்கு வாறார். முகாமில வைப்பாங்களோ?

இரண்டு ஊசியும் போட்டு, வெளிக்கிட 72 மணித்தியாலத்துக்குள் எடுத்த பி.சி.ஆர் முடிவோடு வந்தால் இப்போது தனிமைப்படுத்துவதில்லை. விதி மாறலாம், ரிக்கற் போடும் முன் பார்க்கச் சொல்லுங்கள். சென்னைக்குப் போகக் கேட்கிறவர்களுக்கு: பலாலி விமானம் 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் தொடங்கவில்லை. கட்டுநாயக்காதான் வழி. அண்ணா வந்து முதல் நாலைந்து நாள் கிழவிகளைக் கட்டிப்பிடிக்காமல் இருந்தால் நல்லது. சொல்லலாம், கேட்பாரோ தெரியாது.

இன்னொருக்கால் பூட்டுவாங்களோ?

பூட்டலாம். வீட்டில் இரண்டு கிழமைக்கு அரிசி வைத்திருப்பது வன்னியில் புதுப் பழக்கம் இல்லை. அம்மம்மா காலத்தில் இருந்து வைத்துத்தான் இருக்கிறோம். அப்பு, அம்மம்மாவின் பிரஷர் மருந்தையும் ஒரு மாதத்துக்கு எடுத்து வையுங்கள். போன முறை அரிசி இருந்தது, குளிசை இருக்கவில்லை.

வாசிகசாலை எப்ப திறக்கும்?

திறந்துதான் இருக்கிறது. பின்னேரம் நாலரையில் இருந்து ஏழு மணி வரை. பேப்பரை ஒருவர் வாசித்து முடித்த பிறகு மற்றவர் எடுங்கள், தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க வேண்டாம். கரம்போட் மட்டும் இன்னும் பூட்டிக் கிடக்கிறது, அதற்குக் காரணம் சுகாதார விதி இல்லை. பயணத்தடை நேரம் யாரோ காய்களை வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறீர்கள். பெட்டி திரும்பி வந்தது, சிவப்புக் காய் வரவில்லை. யாரென்று கேட்கமாட்டேன், யன்னல் கட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.